முதல் படம் இலவசம், இரண்டாவது படத்துக்கு யார் பணம் கட்டுவது?

மேமோகிராம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பிய பெண்ணுக்கு இரண்டொரு வாரம் கழித்து ஓர் அழைப்பு வருகிறது. “அம்மா, படத்துல ஒரு இடம் தெளிவா இல்ல. இன்னொரு தடவ வந்துட்டுப் போறீங்களா?” போனை வைத்ததும் அவர் மனத்தில் எழும் முதல் கேள்வி என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது கேள்வியைத்தான் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. இதற்கு எவ்வளவு ஆகும்?

உயிர் பற்றிய பேச்சில் காசைப் பற்றிக் கேட்பதா என்று நாமே அதை அடக்கிக்கொள்கிறோம். ஆனால் அந்தப் பெண் திரும்பிப் போவாரா, “பிறகு பார்க்கலாம்” என்று விட்டுவிடுவாரா என்பதை முடிவு செய்வதில் இந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு. இதை ஊகமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஏறக்குறைய 15 ஆண்டுகள் முதல் படம் இலவசமாகவும் இரண்டாவது படம் கட்டணத்துடனும் இருந்தன. அதன் விளைவை அளந்து பார்த்திருக்கிறார்கள். நம் நாட்டில் கணக்கு வேறு மாதிரி. ஆனால் நம்மிடமும் ஒரு பில் இருக்கிறது. அது கவுண்டரில் அச்சாகி வருவதில்லை.

ஆயிரம் பேரில் எத்தனை பேர்?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். மேமோகிராம் புற்றுநோயைக் கண்டுபிடித்துச் சொல்லும் சோதனை அல்ல. யாரை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கும் சல்லடை அது. சல்லடையில் தங்குவதெல்லாம் கல் அல்ல.

அமெரிக்காவில் 2007 முதல் 2013 வரை எடுக்கப்பட்ட ஏறக்குறைய 17 லட்சம் மேமோகிராம் படங்களை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு 2017இல் வெளியானது. அதன்படி, ஆயிரம் பெண்களைப் பரிசோதித்தால் 116 பேர் மேல் சோதனைக்குத் திரும்ப அழைக்கப்படுகிறார்கள். அவர்களில் சுமார் 20 பேருக்குத் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சி தேவை என்று சொல்லப்படுகிறது. புற்றுநோய் உறுதியாவது ஐந்து பேருக்கு. மீதி 111 பேரும் பயந்து, லீவு எடுத்து, பணம் கட்டி, கடைசியில் “ஒன்றும் இல்லை” என்ற சொல்லைக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள்.

இது ஒரு முறை பரிசோதனைக்கான கணக்கு. ஆண்டுதோறும் செய்துகொண்டே போனால்? பாஸ்டன் வட்டாரத்தில் 2,400 பெண்களைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 1998இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. பத்து மேமோகிராம் எடுத்துக்கொண்ட பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு முறையாவது இப்படிப் பொய் எச்சரிக்கை வரும் என்று அது மதிப்பிட்டது. அதே ஆய்வு ஒரு காசுக் கணக்கையும் போட்டது. பரிசோதனைக்குச் செலவாகும் ஒவ்வொரு 100 டாலருக்கும், பொய் எச்சரிக்கைகளைத் தீர்த்துவைக்க மேலும் 33 டாலர் செலவாகிறது. கால் நூற்றாண்டுக்கு முந்திய கணக்கு. ஆனால் முதல் படத்தின் விலையை மட்டும் சொல்வது பாதி விலையைச் சொல்வது போல என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இயந்திரம் மட்டமானது என்று நினைக்க வேண்டாம். மார்பகம் முப்பரிமாண உறுப்பு. அதை இரண்டு தட்டுகளுக்கிடையே அழுத்தி ஒரே தளத்தில் படமாக்கும்போது, மேலும் கீழுமாக இருக்கும் திசுக்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, இல்லாத கட்டி ஒன்று இருப்பதுபோல் தோன்றும். மேமோகிராமில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும், அடர்ந்த சுரப்பித் திசு வெள்ளையாகத் தெரியும். புற்றுக்கட்டியும் வெள்ளைதான். மாதவிடாய் நிற்காத பெண்களிடமும் ஆசியப் பெண்களிடமும் அடர்த்தியான மார்பகம் அதிகம் காணப்படுகிறது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலைத் தேடுவது போன்ற வேலை அது.

அதனால்தான் மேல் சோதனை. சந்தேகப்பட்ட இடத்தை மட்டும் அழுத்தியும் பெரிதாக்கியும் மீண்டும் படம் எடுப்பார்கள். அல்ட்ராசவுண்ட் வைத்து, அது நீர்க்கட்டியா கெட்டியான கட்டியா என்று பார்ப்பார்கள். சிலருக்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படும். அப்போதும் சந்தேகம் தீரவில்லை என்றால், மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு ஊசியால் நூல் போன்ற திசுத் துண்டுகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஒவ்வொரு படியும் தனி அறை, தனி இயந்திரம், தனி நிபுணர். அதாவது தனிக் கட்டணம்.

எத்தனை பேரைத் திரும்ப அழைப்பது என்பது இயற்கை விதித்த எண் அல்ல. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் நூறு பேருக்குச் சுமார் நான்கு பேரைத்தான் அழைக்கிறார்கள். அந்த நால்வரில் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கும். அங்கே ஒவ்வொரு படத்தையும் இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பார்க்கிறார்கள், பரிசோதனையும் மூன்றாண்டுக்கு ஒரு முறைதான். அமெரிக்காவில் பெரும்பாலும் ஒருவரே பார்க்கிறார். விட்டுவிட்டால் வழக்கு வரும் என்ற அச்சமும் அவருக்கு உண்டு. சந்தேகம் வந்தால் அழைத்துவிடு என்பது மருத்துவருக்குப் பாதுகாப்பான முடிவு. அதற்கான பில் அவர் பெயரில் போவதில்லை.

ஒரே இயந்திரம், இரண்டு பெயர்

அமெரிக்காவில் 2010இல் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. நிபுணர் குழு பரிந்துரைக்கும் தடுப்புச் சோதனைகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் இலவசமாகவே தர வேண்டும், நோயாளியிடம் ஒரு காசும் வாங்கக்கூடாது. மேமோகிராமும் அந்தப் பட்டியலில் இருந்தது.

சிக்கல் ஒரு சொல்லில் இருந்தது. அறிகுறி எதுவும் இல்லாத பெண்ணுக்கு எடுப்பது “ஸ்கிரீனிங்” மேமோகிராம். அதில் ஏதோ தெரிந்து திரும்ப வந்தால், அதே கட்டடத்தில், பல வேளைகளில் அதே இயந்திரத்தில், அதே பெண்ணுக்கு எடுப்பது “டயக்னாஸ்டிக்” மேமோகிராம், அதாவது நோயைக் கண்டறியும் சோதனை. பில் போடும் குறியீடு மாறிவிட்டது. இலவசம் முடிந்துவிட்டது.

அங்குள்ள காப்பீட்டில் டிடக்டிபிள் என்று ஒன்று உண்டு. ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட தொகை வரை நோயாளியே கட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் காப்பீடு பேசும். நம் ஊரிலும் இப்போது மெடிக்கல் கார்டு விற்பவர்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதால் பலருக்குப் பழகியிருக்கும். 2024இல் அமெரிக்காவில் வேலையிடக் காப்பீடு பெற்ற தனிநபருக்கு இந்தத் தொகை, அது உள்ள திட்டங்களில், சராசரியாக 1,787 டாலர். அந்த ஆண்டில் வேறு நோய் நொடி வராத, ஆரோக்கியமான ஒரு பெண்ணுக்கு மேல் சோதனைச் செலவு முழுவதும் இந்தத் தொகைக்குள்ளேயே விழும். ஆண்டு பிறந்தால் கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். டிசம்பரில் மேமோகிராம் எடுத்து ஜனவரியில் திரும்ப அழைக்கப்பட்டவருக்கு முந்திய ஆண்டு கட்டியதெல்லாம் கணக்கில் வராது.

எவ்வளவு வரும்? சூசன் ஜி. கோமன் என்னும் மார்பகப் புற்றுநோய் அறநிறுவனம் ஏற்பாடு செய்த ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. நோயாளி தன் கையிலிருந்து கட்டுவது, டயக்னாஸ்டிக் மேமோகிராமுக்குச் சராசரி 234 டாலர், மார்பக எம்.ஆர்.ஐ.க்கு 1,021 டாலர் என்று அது கண்டது. இதற்கு முன்பே, 2015இல், ஹெல்த் அஃபேர்ஸ் இதழில் வந்த ஆய்வு, ஒரு பொய் எச்சரிக்கையைத் தீர்க்கக் காப்பீடும் நோயாளியும் சேர்ந்து சராசரியாக 852 டாலர் செலவிடுவதாகக் கணக்கிட்டது. பொய் எச்சரிக்கைகளையும், ஒருவேளை ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலும் தீங்கு செய்திராத கட்டிகளுக்கான சிகிச்சையையும் சேர்த்தால், அந்த நாட்டுக்கு ஆண்டுக்கு 400 கோடி டாலர்.

கோடிகளை விடுங்கள். ஒரு பெண் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. பாஸ்டனில் உள்ள ஒரு மருத்துவமனையில் மார்பகப் படம் எடுக்க வந்த 714 பெண்களிடம் நேராகவே கேட்டார்கள். “மேல் சோதனைக்கு டிடக்டிபிள் கட்ட வேண்டியிருந்தால் அதைத் தவிர்த்துவிடுவீர்களா?” 21.2 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். 2023இல் ரேடியாலஜி ஆய்விதழில் வெளியான முடிவு இது. மருத்துவமனைக்கு வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களிலேயே ஐந்தில் ஒருவர் இப்படிச் சொன்னார்.

அதே ஆய்வில் இன்னொரு எண் எனக்கு இதைவிடக் கவலை தருவதாகப் படுகிறது. பிறகு இப்படிக் கட்டணம் வரக்கூடும் என்று தெரிந்தால், இலவசமான முதல் மேமோகிராமுக்கே வரமாட்டோம் என்றவர்கள் 18.3 விழுக்காடு. இரண்டாவது கதவில் மாட்டிய விலைப்பலகை முதல் கதவிலிருந்தே தெரிகிறது.

சொன்னதைத்தான் செய்கிறார்களா என்று சந்தேகப்படுபவர்களுக்கு வேறு ஆய்வுகள் உண்டு. காப்பீட்டு நிறுவனங்களின் பில்களையே எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வும் 2023இல் வந்தது. கைப்பணம் அதிகம் போகும் வகைத் திட்டங்களில் இருந்த பெண்கள், மேமோகிராமுக்குப் பிறகான சோதனைகளைக் குறைவாகவே செய்துகொண்டிருந்தார்கள்.

பொய் எச்சரிக்கைக்கு ஆளானவர்கள் பிறகு என்ன ஆகிறார்கள் என்பதும் தெரிய வந்திருக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட ஆய்வு ஒன்று 2024இல் வெளியானது. முதல் முறையே “சரி” என்று சொல்லப்பட்டவர்களில் 77 விழுக்காட்டினர் அடுத்த பரிசோதனைக்குத் திரும்பி வந்தார்கள். “ஆறு மாதம் கழித்து வந்து பாருங்கள்” என்று சொல்லப்பட்டு, பிறகு ஒன்றும் இல்லை என்று தெரிந்தவர்களில் 61 விழுக்காட்டினர்தான் வந்தார்கள். திரும்பாதவர்களில் ஆசிய வம்சாவளிப் பெண்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களும் அதிகம். இதற்குப் பணம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பயம், சலிப்பு, “அவங்க சும்மா பயமுறுத்துறாங்க” என்ற எண்ணம் எல்லாம் கலந்திருக்கும். ஆனால் ஒன்றும் இல்லாததற்கு ஆயிரம் டாலர் கட்டியவர் அதை எளிதில் மறப்பாரா?

குடலுக்கு ஒரு நியாயம், மார்புக்கு ஒரு நியாயம்

இந்தக் கோணலை அமெரிக்கர்கள் உணராமல் இல்லை. குடல் புற்றுநோய் விஷயத்தில் முன்னதாகவே திருத்திவிட்டார்கள். மலச் சோதனையில் சந்தேகம் வந்தால் அடுத்துச் செய்யும் கொலோனோஸ்கோப்பியும் பரிசோதனையின் தொடர்ச்சியே, அதற்கும் கட்டணம் கூடாது என்று 2022இல் மத்திய அரசு அறிவித்தது. மலச் சோதனை என்பது பாதிச் சோதனை, கொலோனோஸ்கோப்பி செய்தால்தான் அது முழுமை பெறும் என்பதே வாதம். மேமோகிராமுக்கும் இது அப்படியே பொருந்தும். ஆனாலும் மார்பகம் காத்திருக்க வேண்டியிருந்தது.

டெக்சஸ் போன்ற சில மாநிலங்கள் தாங்களாகவே சட்டம் இயற்றிப் பார்த்தன. ஆனால் அங்கே பெரிய முதலாளிகள் பலர் காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்காமல் தாங்களே நிதி ஒதுக்கித் தொழிலாளர்களுக்குக் காப்பீடு தருகிறார்கள். அத்தகைய திட்டங்களை மாநிலச் சட்டம் தொட முடியாது என்பது 1974ஆம் ஆண்டுச் சட்டம். எனவே ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பெண்களில் ஒருவருக்கு இலவசம், மற்றவருக்குப் பில்.

மத்திய அரசின் சுகாதார வளத்துறை 2024 டிசம்பர் இறுதியில்தான் விதியைத் திருத்தியது. மேமோகிராமைத் தொடர்ந்து தேவைப்படும் கூடுதல் படங்கள், எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட், திசுப் பரிசோதனை எல்லாமே பரிசோதனையை முடித்துவைக்கும் படிகள்; 2026இல் தொடங்கும் காப்பீட்டு ஆண்டிலிருந்து பெரும்பாலான தனியார் காப்பீடுகள் இவற்றுக்குக் கட்டணம் வாங்கக்கூடாது. நோயாளிக்கு வழிகாட்டும் பணியாளரின் சேவையும் அதே திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. இந்த இரண்டாவது விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், அது நமக்கு நெருக்கமானது.

ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. காப்பீடே இல்லாதவருக்கு இந்த விதியால் பயன் இல்லை. முதியோருக்கான மெடிகேரில் டயக்னாஸ்டிக் மேமோகிராமுக்கு நோயாளி 20 விழுக்காடு கட்டுகிறார். எல்லாவற்றையும்விட வேடிக்கையானது ஒன்று உண்டு. விதி பேசுவது பரிசோதனையில் சந்தேகம் வந்தவர்களைப் பற்றி. குளிக்கும்போது தானே ஒரு கட்டியைத் தடவிக் கண்டுபிடித்து ஓடி வரும் பெண் ஸ்கிரீனிங்கில் வந்தவர் அல்ல. அவருக்குப் பழைய கணக்குத்தான். யாருக்கு அவசரம் அதிகமோ அவருக்குப் பில்.

நம் ஊரில் ஐந்து ரிங்கிட்

மலேசிய வாசகருக்கு இதெல்லாம் வேற்றுக்கிரகத்துக் கதையாகத் தோன்றலாம். இங்கே அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட். பயாப்சிக்காக வீட்டை அடமானம் வைத்தார் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள்தான்.

ஆனால் நம் நாட்டில் குறிப்பிட்ட வயதுப் பெண்கள் எல்லாருக்கும் கடிதம் அனுப்பி அழைக்கும் தேசிய மேமோகிராம் திட்டம் கிடையாது. சிங்கப்பூரில் 2002இலிருந்து அப்படியொரு திட்டம் இருக்கிறது. குடியுரிமை பெற்ற பெண் பலதுறை மருந்தகத்தில் 50 வெள்ளி கட்டி மேமோகிராம் எடுத்துக்கொள்ளலாம், முன்னோடித் தலைமுறையினருக்கு அதில் பாதி. மேல் சோதனைக்கு அரசு மருத்துவமனையின் நிபுணர் பிரிவில் குடும்ப வருமானத்துக்கு ஏற்பக் கட்டணச் சலுகை உண்டு. முழு இலவசம் அல்ல. ஆனால் முதல் படமும் இரண்டாவது படமும் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டிருக்கின்றன.

இங்கே சங்கிலி துண்டு துண்டாக இருக்கிறது. தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் 2007 முதல் தனியார் மையங்களில் மேமோகிராம் எடுக்க மானியம் தருகிறது. சொக்சோ 2013இல் தொடங்கிய பரிசோதனைத் திட்டத்தில் 40 வயதைத் தாண்டிய பெண் தொழிலாளர்களுக்கு மேமோகிராமும் உண்டு. அக்டோபர் மாதத்தில் தனியார் மருத்துவமனைகள் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டிச் சலுகை விலை அறிவிக்கின்றன. எல்லாம் முதல் படத்துக்கு. படம் எடுத்ததும் ஓர் உறை கையில் கொடுக்கப்படுகிறது. உள்ளே அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். அதற்குப் பிறகு அந்த உறையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்பதைப் பெரும்பாலும் அந்தப் பெண்தான் தேட வேண்டும்.

தனியாரிலேயே தொடரலாம் என்றால், பயாப்சி வரை போனால் செலவு ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டுவது அபூர்வம் அல்ல. மெடிக்கல் கார்டு இருக்கிறதே என்று தைரியமாகப் போகிறவர்கள் பாலிசியின் சிறிய எழுத்துகளை ஒரு முறை படித்துவிடுவது நல்லது. பல பாலிசிகளில், வெளிநோயாளியாகச் செய்யும் சோதனைக்கான பணம், அதைத் தொடர்ந்து குறிப்பிட்ட நாள்களுக்குள் மருத்துவமனையில் படுத்தால்தான் திரும்பக் கிடைக்கும். அதாவது புற்றுநோய் என்று முடிவு வந்து அறுவை சிகிச்சைக்குப் போனால் சோதனைச் செலவு கிடைக்கும். ஒன்றும் இல்லை என்று நல்ல செய்தி வந்தால் செலவு உங்களுடையது. அமெரிக்கக் கணக்கில் ஆயிரத்தில் 111 பேர் இந்த நல்ல செய்தியைக் கேட்பவர்கள் என்று பார்த்தோம்.

சரி, அரசாங்க மருத்துவமனைக்கே போவோம். ஐந்து ரிங்கிட் கட்டிவிட்டோம். முதல் நாள் நிபுணரைப் பார்க்க. இன்னொரு நாள் அல்ட்ராசவுண்டும் பயாப்சியும். மூன்றாவது நாள் முடிவைக் கேட்க. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே மூன்று பயணம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைத்தால் ஒரு நாள் கூலி 65 ரிங்கிட்டும் சில காசும். மூன்று நாள் போனால் 196 ரிங்கிட். மருத்துவமனை வாங்கியது 15 ரிங்கிட், கூலியில் போனது அதைப்போல் 13 மடங்கு. நிரந்தர வேலை என்றால் எம்.சி. கிடைத்துச் சம்பளம் பிழைக்கலாம். சில வேளைகளில் கிடைப்பது வந்து போனதற்கான டைம் ஸ்லிப் மட்டுமே. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் குத்தகைக்குத் துப்புரவு செய்கிறவர், தோட்டத்தில் நாள் கூலிக்குப் போகிறவர், வீட்டில் பலகாரம் செய்து விற்பவர் ஆகியோருக்கு எம்.சி. காகிதத்தால் என்ன பயன்? தனியாகப் போகப் பயந்து மகளையோ தங்கையையோ துணைக்கு அழைத்தால் இன்னொரு கூலியும் போகும். கிரேப் வாடகை, கார் நிறுத்தக் கட்டணம், சாப்பாடு எதையும் நான் சேர்க்கவில்லை.

இந்தச் செலவை அரசாங்கம் அறியாததல்ல. பி40 தரப்பினருக்கான பெக்கா பி40 திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 ரிங்கிட் ஊக்கத்தொகை உண்டு, போக்குவரத்துக்குத் தீபகற்பத்தில் 500 ரிங்கிட் வரை தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அது புற்றுநோய் என்று உறுதியான பிறகு, சிகிச்சைக்காகக் கிடைப்பது. “இருக்கலாம்” என்ற நிலைக்கும் “இருக்கிறது” என்ற நிலைக்கும் இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில், அதாவது ஒரு பெண் மனம் மாறிப் போகாமல் இருந்துவிட வாய்ப்பு மிக அதிகமான வாரங்களில், பஸ் காசு அவருடையதுதான்.

தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி 2012 முதல் 2016 வரை மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட மலேசியப் பெண்களில் 47.9 விழுக்காட்டினர் அப்போதே மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில் இருந்தார்கள். அதற்கு முந்திய ஐந்தாண்டில் 43.2. இந்தியப் பெண்களில் இந்நோய் ஒரு லட்சம் பேருக்கு 38.1, சீனர்களில் 40.7, மலாய்க்காரர்களில் 31.5. தாமதத்துக்கு மேல் சோதனைச் செலவே முழுக் காரணம் என்று சொன்னால் அது மிகை. நம் பெண்களில் பலர் முதல் படத்துக்கே போனதில்லை. ஆனால் போகச் சொல்லிப் பிரசாரம் செய்கிறவர்கள், போன பிறகு என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துத் திட்டமிட வேண்டாமா? ரிப்பன் கட்டுவது சுலபம். மூன்று நாள் கூலியைப் பற்றிப் பேசுவது அவ்வளவு அழகாக இருக்காது.

வழி தெரிந்த ஒருவர்

கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 2014இல் ஒரு முயற்சி தொடங்கியது. மலேசியப் புற்றுநோய் ஆய்வு அறநிறுவனமான கேன்சர் ரிசர்ச் மலேசியா, மார்பகப் பிரச்சினையோடு வரும் பெண்களுக்கு வழிகாட்டும் பணியாளர்களை அங்கே அமர்த்தியது. அவர்கள் மருந்து கொடுப்பதில்லை. அடுத்த சந்திப்பு என்றைக்கு என்று நினைவூட்டுவார்கள். வராவிட்டால் போன் செய்வார்கள். போக்குவரத்துச் சிக்கலா, கணவர் வேண்டாம் என்கிறாரா, சின்சே மருந்தோ நாட்டு மருந்தோ பார்த்துவிட்டு வருகிறேன் என்கிறாரா என்று கேட்டு, உட்கார்ந்து பேசுவார்கள். பலன் தெரிந்தது. மேமோகிராம், பயாப்சி, முடிவைச் சொல்வது ஆகிய ஒவ்வொரு படியும் உரிய நாளுக்குள் முடிந்தவர்களின் விகிதம் உயர்ந்தது, பாதியில் விட்டுப் போனவர்கள் குறைந்தார்கள்.

அமெரிக்கா 2024 டிசம்பரில் விதியில் சேர்த்த வழிகாட்டிச் சேவையும் ஏறக்குறைய இதுதான். கிள்ளானில் அது பத்தாண்டு முன்பே நடந்துவிட்டது என்பதில் நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு அரசாங்க மருத்துவமனையிலும் இப்படி ஒருவர் இருந்தால், அவர் சம்பளம் ஒரு மேமோகிராம் இயந்திரத்தின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சோதனைகளைக் கூட்டிக்கொண்டே போனால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஜப்பானில் 40 முதல் 49 வயதுள்ள ஏறக்குறைய 73,000 பெண்களில் பாதிப் பேருக்கு மேமோகிராமுடன் அல்ட்ராசவுண்டும் சேர்த்துச் செய்து பார்த்தார்கள். முடிவு 2016இல் லான்செட் இதழில் வந்தது. புற்றுநோயைப் பிடிக்கும் திறன் 77 விழுக்காட்டிலிருந்து 91 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. அடர்ந்த மார்பகம் கொண்ட ஆசியப் பெண்களுக்கு இது முக்கியமான செய்தி. ஆனால் அதே ஆய்வில் ஒன்றும் இல்லாதவர்களைச் சரியாக “ஒன்றும் இல்லை” என்று சொல்லும் திறன் 91.4இலிருந்து 87.7க்கு இறங்கியது. கூடுதல் வலை வீசினால் கூடுதல் பேர் திரும்ப அழைக்கப்படுவார்கள். வலையின் விலையோடு இந்தப் பயணங்களின் விலையையும் கூட்டித்தான் திட்டம் போட வேண்டும்.

உறையில் என்ன எழுதியிருக்கிறது?

கையில் உறையோடு நிற்கும் வாசகிக்குச் சில செய்திகள். அறிக்கையின் கடைசியில் பை-ராட்ஸ் என்று எழுதி ஓர் எண் இருக்கும். 1, 2 என்றால் கவலை இல்லை. 0 என்றால் நோய் என்று பொருள் அல்ல, “படம் போதவில்லை, இன்னும் பார்க்க வேண்டும்” என்றுதான் பொருள். அதைப் பூஜ்யம் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கிவிடவும் கூடாது. 3 என்றால் தீங்கற்றதாகவே இருக்கும், புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இல்லை, ஆனால் ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 4, 5 என்றால் பயாப்சி தேவை. அதைத் தள்ளிப்போடக்கூடாது.

தனியார் மையத்தில் எடுத்த படம் என்றால் அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். படங்கள் அடங்கிய சிடியையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போனால் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். சந்திப்பு நாள் மிகத் தள்ளி இருந்தால், அறிக்கையில் உள்ள எண்ணைச் சொல்லி முன்னால் தர முடியுமா என்று கேட்பதில் தவறில்லை.

முன்பு எப்போதாவது மேமோகிராம் எடுத்திருந்தால் அந்தப் பழைய படத்தை அலமாரியிலிருந்து தேடி எடுங்கள். இன்று சந்தேகமாகத் தெரியும் அதே நிழல் நான்கு ஆண்டுக்கு முன்பும் அப்படியே இருந்தது என்று மருத்துவர் பார்த்துவிட்டால், பல வேளைகளில் மேல் சோதனையே தேவைப்படாது. மானியத் திட்டத்தில் இந்த முறை ஒரு மையம், அடுத்த முறை இன்னொரு மையம் என்று போகிறவர்களின் பழைய படம் புதிய மையத்தில் இருக்காது. அதை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.